நாற்பது அறைப் பெட்டி

ஜனவரி 9

அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியிடம் சொல்லி, வில்லை தேய்க்கிற சக்கரத்துக்கு இரண்டு நாளாவது லீவு கொடுங்கள்.

இங்கே என்ன வேலை என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். பொறிவண்டு வளர்க்கிறேன். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த அந்தச் சின்ன வண்டுதான். நீளமான கூடம், வெள்ளை அங்கி, தட்டுத் தட்டாக அவரைக் கன்றுகள். கன்று முழுக்க அசுவினி, அதாவது இலைச் சாற்றை உறிஞ்சும் பச்சைப் பேன். அதைத் தின்பதற்குப் பொறிவண்டு. பயிர் போடுகிறவர்கள் மருந்துக்குப் பதிலாக இந்த வண்டுகளை வாங்கிப் போகிறார்கள். தூரிகையால் அவற்றை மெல்ல எடுத்து உமி போட்ட டப்பாவில் அடைப்பது என் வேலை. உங்கள் தம்பி உயிரோடு இருந்திருந்தால், "கரப்பானைப் பார்த்தா கட்டில் மேல ஏறுறவ, இப்ப வண்டு மேய்க்கிறாளா" என்று வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

ஐந்து மாதம் முடிந்தால் குடும்ப அறை தருவார்களாம். ஜூன் முதல் தேதி வந்து பிள்ளைகளை அழைத்துக்கொள்கிறேன். பெரியவளிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது அவள் என் முகத்தையே பார்க்கவில்லை.

ஒரு வேண்டுகோள். என் கடிதம் யார் பெயருக்கு வந்தாலும் பெரியவளே பிரிக்கட்டும். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கேட்க உரக்கப் படிக்கட்டும். அவளுக்கு வாசிப்பு திருந்தும். பொடியனுக்கு நானும் வீட்டில் இருப்பது மாதிரி இருக்கும்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அந்தப் புண்ணியம் உங்களுக்கு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி


ஜனவரி 28

தங்கச்சிக்கு,

மூன்று பேரும் சௌக்கியம். மணிக்கட்டு அதன் இடத்திலேயே இருக்கிறது, வலியும் துணைக்கு இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அதை எழுதவில்லையே.

உன் கடிதத்தைப் பெரியவள் மேடைப் பேச்சு மாதிரி படித்தாள். 'ஊரான் பிள்ளை' வந்ததும் பொடியன் கையைத் தூக்கினான். "அத்தை, நாங்க ஊரான் பிள்ளையா?" இல்லையடா, என் தம்பி பிள்ளைகள் என்றேன். 'தானே வளரும்' என்பதற்கும் அவன் அர்த்தம் கேட்டான். எனக்கென்று தானே வளர ஒன்றும் இல்லை என்பதை ஐந்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? இனிமேல் பழமொழி கைக்கு வந்தால் ஒரு நாள் ஊறப்போட்டு எழுது.

பெரியவளுக்கு வயது பத்து. என்னைத் திருத்துவதில் எழுபது. நான் காய் நறுக்குவது தப்பு, துணி மடிப்பது தப்பு, கதவு சாத்துவதும் தப்பு. உன்னைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. கடையில் ஓரம் உடைந்துபோன வில்லை ஒன்று விற்க முடியாமல் கிடந்தது. ஓரத்தைத் தேய்த்து, கைப்பிடி போட்டுக் கொடுத்தேன். எறும்பு, உப்பு, பொடியனின் பல் என்று எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்க்கிறாள். நேற்று என் முகத்துக்கு நேரே பிடித்து, "உங்க மூக்கு முழுக்க ஓட்டை அத்தை" என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். சந்தோஷமாக இருந்தது.

வண்டின் புள்ளியை எண்ணினால் வயது தெரியுமா என்று கேட்கிறாள். எனக்குக் கண்ணாடியின் பவர்தான் தெரியும். நீயே அவளுக்கு எழுது.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 15

பெரியவளே,

நான் சுகம். நீ சுகமா? பொடியன் சட்டைக் காலரைக் கடிப்பதை விட்டானா? இதை அவனுக்கும் சேர்த்துப் படி.

புள்ளிக்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. ஏழு புள்ளியோடு இருக்கிற வண்டு சாகிறவரை ஏழு புள்ளிதான். இதோடு வருகிற டப்பாவில் இருபது பேர் இருக்கிறார்கள். விற்பனைக்கு ஆகாது என்று மேற்பார்வைக்காரர் ஒதுக்கியவர்கள். ஒருத்திக்கு இறக்கை சரியாக மடங்காது, ஒருத்தனுக்கு ஒரு கால் இல்லை. ஒதுக்கியதை இங்கே வெந்நீரில் கொட்டிவிடுவார்கள். நான் கேட்டு வாங்கி, உமியில் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

அவர்களுக்கு வீடு கட்ட வேண்டும். பழைய மரப்பெட்டி ஒன்று எடுத்துக்கொள். உள்ளே காய்ந்த இலை, சுருட்டிய அட்டை, விரல் நீளத்துக்கு வெட்டிய குழல்கள். குழலின் ஒரு பக்கம் அடைத்திருக்க வேண்டும். காலை வெயில் படுகிற, மழை படாத சுவரில் மாட்டு. கீழே தொட்டியில் அவரை போடு. மருந்து அடிக்காதே. அசுவினி தானாக வரும். வேண்டாத விருந்தாளிக்கு யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. ஒரு மூடியில் ஈரப் பஞ்சு வை, குடிக்கத் தண்ணீர் வேண்டுமே.

தொட்டால் செத்த மாதிரி மல்லாந்து கிடக்கும். முழங்காலிலிருந்து மஞ்சளாக, நாற்றமாக ஒன்று கசியும். பயப்படாதே, பயந்துகொண்டிருப்பது அதுதான்.

இந்த வீட்டை நீ முடிப்பதற்குள் நம் வீடும் தயாராகிவிடும். ஜூன் ஒன்று.

முத்தங்களுடன்,
அம்மா


மார்ச் 12

அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். தம்பி நல்லா இருக்கான், காலர் கடிக்கிறான். அத்தை நல்லா இருக்காங்க, கை வலிக்குது. நீ எப்படி இருக்க?

டப்பா வந்தது. பதினாலு உயிரோட, ஆறு செத்து. செத்தது நடிப்பா நிஜமான்னு தெரியாம ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். நிஜம்தான். தம்பி ஒண்ணுக்கு முத்தம் கொடுத்தான், அது அவன் உதட்டில் மஞ்சள் விட்டுடுச்சு, நாலு தடவை வாய் கொப்பளிச்சான்.

அத்தை கடையிலிருந்து மரப்பெட்டி கொண்டு வந்தாங்க. குழல் வெட்டும்போது நான் கோணலா வெட்டினேன், அத்தை எல்லாத்தையும் கடைக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தில் தேய்ச்சு ஒரே அளவாக்கிட்டாங்க. பிஞ்ச குடைத் துணியால கூரை போட்டோம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கு. இறக்கை மடங்காத வண்டு பேரு மடக்கு. அது பறக்காது, அதனால அது எங்கேயும் போகாது.

கதவுக்குப் பின்னால சாக்பீஸில் கோடு போட்டிருக்கேன். தினமும் ஒண்ணு அழிக்கிறேன். இன்னும் எண்பத்தொண்ணு இருக்கு. நீ வரும்போது மடக்கை உன் கையில விடுவேன், மஞ்சள் விடுதான்னு பார்ப்போம்.

உன் மகள்


மார்ச் 30

தங்கச்சிக்கு,

இங்கே மூவரும் சுகம். பொடியனுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது இல்லை. உனக்கு முதுகு வலி என்று கேள்விப்பட்டேன். குனிந்தே நிற்காதே.

ஊரெல்லாம் பூச்சி மருந்து வாங்குகிறது, என் வீட்டில் மட்டும் பூச்சிக்கு விருந்து. அவரைத் தொட்டியில் அசுவினி வந்த அன்று உன் பிள்ளைகள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அவருக்கும் வில்லை கொடுத்துப் பார்க்கச் சொன்னாள் பெரியவள். திட்ட வந்த மனிதர் கால் மணி நேரம் பார்த்துவிட்டுப் போனார். வண்டு வந்தபிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

கதவுக்குப் பின்னால் கோடு இருப்பது உனக்குத் தெரியும். காலையில் பல் தேய்க்கும் முன் அதைத்தான் அழிக்கிறாள். இந்தப் பிள்ளை அப்பாவுக்கும் இப்படித்தான், நாளைக்கு வருவார் நாளைக்கு வருவார் என்று ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவள். அதனால் சொல்கிறேன். ஜூனில் வருவது உறுதி இல்லையென்றால் இப்போதே எழுதிவிடு. நான்கு வரி கூடுதலாக, காரணம் சொல்லி, அவள் பெயரைப் போட்டு எழுது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும் மூக்குக்கு மேல் கோபம் வரும் உனக்கு. வரட்டும்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 24

பெரியவளே,

சுகமா? நான் சுகம். முதுகு வலி தேவலை என்று அத்தையிடம் சொல்.

அவரையில் அசுவினி வந்துவிட்டது என்றால் அடுத்தது முட்டைதான். இலைக்கு அடியில் வில்லையால் தேடு. மஞ்சளாக, செங்குத்தாக, நெருக்கி நட்டுவைத்த மாதிரி இருக்கும். ஒரு கொத்தில் இருபது, முப்பதுகூட இருக்கும். நான்கு நாளில் பொரிந்துவிடும்.

இனிமேல்தான் கவனம். வெளியே வருவது வண்டு மாதிரியே இருக்காது. கறுப்பாக, முள்ளு முள்ளாக, ஆறு கால் புழு. விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் செருப்பால் நசுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறந்த நிமிஷத்திலிருந்து பசி. முதலில் பொரிந்தது பக்கத்தில் பொரியாமல் இருக்கிற முட்டையைத் தின்னும். முட்டை தீர்ந்தால் கூடப் பிறந்ததைத் தின்னும். அதன் மேல் தப்பில்லை. பசிக்கு அண்ணன் தங்கை தெரியாது.

அதனால் பொரிந்த அன்றே பிரித்துவிட வேண்டும். கையால் தொடாதே. நுனி நனைத்த தூரிகையால் ஒவ்வொன்றாக எடு. ஒரு புழுவுக்கு ஓர் அறை. தீப்பெட்டியாக இருந்தாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் அசுவினி ஒட்டிய இலைத்துண்டு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இலை வாடினால் மாற்று. தண்ணீர்த் துளி வேண்டாம், மூழ்கிவிடும். இரண்டு வாரத்தில் மூன்று முறை சட்டை உரிக்கும். பிறகு இலையில் வாலை ஒட்டிக்கொண்டு சுருண்டுவிடும். செத்துவிட்டது என்று நினைக்காதே. ஒரு வாரம் அசையாமல் இருந்து, பின்பக்கம் வெடித்து, மஞ்சள் நிறத்தில் புள்ளியே இல்லாமல் ஒன்று வெளியே வரும். அன்று மாலைக்குள் சிவந்து ஏழு புள்ளியும் வந்துவிடும். அதைப் பார்த்தால் நீ சாப்பாட்டை மறந்துவிடுவாய். நான் தினமும் மறக்கிறேன்.

மறுபடி சொல்கிறேன், ஒன்றாக மட்டும் போட்டுவிடாதே. இங்கே ஒரு புதுப் பெண் ஒரு தட்டை மறந்துபோய் மூடி வைத்தாள். இருநூறு போட்டது, திங்கட்கிழமை திறந்தால் ஒன்பது. அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அத்தையிடம் சொல்: பொடியனுக்கு மழைக்கோட்டு குட்டையாகியிருக்கும். அலமாரி மேல்தட்டில் அப்பாவின் நீலக் கோட்டு இருக்கிறது, அதை வெட்டித் தைக்கட்டும்.

புதுக் கூடத்தை என் பொறுப்பில் விட்டிருப்பதால் ஜூனில் வர முடியாது, டிசம்பரில் வருகிறேன்.

முத்தங்களுடன்,
அம்மா


மே 24

தங்கச்சிக்கு,

மூவரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வண்டுக் கதை நல்லபடியாக முடியவில்லை. உன் ஏப்ரல் கடிதம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதற்குள் முட்டை பொரிந்துவிட்டது. விஷயம் தெரியாமல் எல்லாப் புழுவையும் ஒரே கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, இலை போடாமல் மூடிவைத்துவிட்டேன். முப்பத்தெட்டு இருந்தது. மறுநாள் பதினொன்று. மூன்றாம் நாள் ஒன்று. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று காதால் கேட்டதுதான், கண்ணால் இப்போதுதான் பார்த்தேன். பொடியன் பாட்டிலைக் கட்டிக்கொண்டு அழுதான். மிஞ்சிய ஒன்றைத் தனியாக வைத்து இலை போட்டு வருகிறேன்.

தப்பு முழுக்க என்னுடையது. பெரியவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே. கேட்காதே. அவள் கொஞ்ச நாளாக என் பக்கத்தில்தான் படுக்கிறாள், தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளை அப்படியே விடு.

நீலக் கோட்டை வெட்டித் தைத்தாகிவிட்டது. பொடியன் பத்து நாளாக அதைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறான். தம்பியே குட்டையாகி நடந்து போவது மாதிரி இருக்கிறது.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 5

அண்ணிக்கு,

நான் நலமாக இருக்கிறேனா என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் கடிதத்தை ஏழு முறை படித்தேன். என் கடிதம் நேற்றுத்தான் வந்தது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பொடியன் பத்து நாளாக நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறான் என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். கோட்டைப் பற்றி நான் எழுதியதே அந்த ஒரு கடிதத்தில்தான். பொய் சொல்லவும் ஞாபகசக்தி வேண்டும் அண்ணி.

ஆகக் கடிதம் நேரத்துக்கு வந்திருக்கிறது. ஒன்றாகப் போட்டால் தின்னும் என்று தெரிந்தே ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள். எதற்கு என்று எனக்கு விளங்குகிறது. என் கையால் அனுப்பியது ஒன்றையொன்று தின்பதை என் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். பயந்துபோய் உங்கள் பக்கத்தில் ஒண்ட வேண்டும். 'பெரியவளிடம் கேட்காதே' என்று வேறு எனக்கே உத்தரவு. கேட்டால் வெளியே வந்துவிடும் அல்லவா? அவள் தூக்கத்தில் உங்கள் கையைப் பிடிக்கிறாள் என்று எழுதும்போது உங்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்.

தம்பியைத்தான் சின்ன வயதிலிருந்து இடுப்பை விட்டு இறக்கவில்லை என்பீர்கள். அவரும் போனார். இப்போது என் பிள்ளைகள். உங்கள் வயிற்றில் ஒன்று இருந்திருந்தால் அடுத்தவள் பிள்ளையைத் திருட வேண்டியிருக்காது. மலடிக்குத் தெரியுமா பிள்ளைப் பேற்றின் வலி என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. இந்தப் பழமொழியை ஒரு நாள் அல்ல, மூன்று நாள் ஊறப்போட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பிள்ளைகளைப் பெற்றவள்


ஜூலை 2

அண்ணிக்கு,

நான் சுகம். அங்கே எல்லோரும் சுகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான்கு வாரமாக ஒரு வரி இல்லை. பெரியவளும் எழுதவில்லை. நீங்கள் விடவில்லையா, அவளே எழுதவில்லையா?

கோபத்தில் ஒரு வார்த்தை கூடியிருக்கலாம். நீங்களும் எனக்குப் பெரியவர், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கோட்டு கோட்டுதான் அண்ணி, அதற்குப் பதில் சொல்லுங்கள். பொடியனுக்கு மறுபடி காய்ச்சல் வந்ததா? தினமும் தபால் வரும் நேரத்துக்குக் கூடத்தை விட்டு வெளியே வந்து நிற்கிறேன், மேற்பார்வைக்காரர் முறைக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி


ஜூலை 15

பிள்ளைகளின் தாயாருக்கு,

பிள்ளைகள் இருவரும் நலம். காய்ச்சல் இல்லை.

கோட்டுக்குப் பதில் கேட்டிருந்தீர்கள். பதில் இல்லை.

நேற்று பொடியன் படியில் விழுந்து முழங்கால் சிராய்த்துவிட்டது. மருந்து போடும்போதே, இதை எந்தத் தேதி போட்டு எப்படி எழுதுவது, எழுதினால் எந்த வரியோடு எந்த வரியை ஒட்டிப் பார்ப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி யோசிக்கிறவள் பிள்ளை வளர்க்கக் கூடாது. பெற்றவளே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் வந்து அழைத்துப் போகலாம். முடியாதென்றால் பள்ளிக்கூட விடுதியில் இடம் இருக்கிறது, தலைமை ஆசிரியையிடம் பேசிவிட்டேன். படிவம் இத்துடன் இருக்கிறது. தாயின் கையெழுத்து மூன்று இடத்தில் வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க வரக்கூடியவர்கள் யார் என்று எழுதும் கட்டம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அத்தை


ஜூலை 26

அண்ணிக்கு,

நலம்.

என்னை வாங்க போங்க என்று எழுதி அவமானப்படுத்தினால் நான் ஓடி வந்து காலில் விழுவேன் என்று நினைத்தீர்கள். உங்கள் நிழலில் இருப்பதைவிட விடுதி மேல். மூன்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது. பார்க்க வரக்கூடியவர்கள் கட்டத்தில் என் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன். வேறு யாரும் வரத் தேவையில்லை.

டிசம்பரில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெற்றவள்


ஆகஸ்ட் 30

அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். தம்பியும் நலம் என்று சொன்னார்கள். நீங்கள் நலமா?

விடுதிக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடிதம் எழுதலாம். போன வாரம் எழுத ஆரம்பித்து முடிக்கவில்லை.

நீங்கள் ஏப்ரலில் எழுதிய கடிதம் மே இரண்டாம் தேதியே வந்துவிட்டது. நான்தான் பிரித்தேன். சாப்பாடு முடிந்ததும் உரக்கப் படித்தேன். வண்டுக்கு இரண்டு பக்கம் இருந்தது. எங்களுக்கு ஒரு வரி இருந்தது. படித்து முடித்ததும் கதவுக்குப் பின்னால் இருந்த சாக்பீஸ் கோடுகளையெல்லாம் ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். முப்பது மீதி இருந்தது.

மறுநாளே அத்தை கடையிலிருந்து வில்லை வைக்கிற நாற்பது அறைப் பெட்டி கொண்டுவந்தார்கள். ஒவ்வோர் அறைக்கும் சல்லடைத் துணியில் மூடி தைத்தார்கள். கை வலிக்கிறது என்று இரண்டு கையாலும் மாற்றி மாற்றித் தைத்தார்கள். தூரிகையும் வாங்கி வைத்தார்கள். புழு பொரிந்த அன்று அத்தை வேலைக்குப் போயிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் தூரிகையால் எடுத்தேன். எடுத்து, பெட்டியில் போடாமல் பாட்டிலில் போட்டேன். இலை போடவில்லை. ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் போட்டேன். நீங்கள் அனுப்பியது எதுவும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். வில்லை வைத்து மூன்று நாளும் பார்த்தேன். மடக்கையும் நான்தான் வெந்நீரில் போட்டேன்.

அத்தை கண்டுபிடித்துவிட்டார்கள். திட்டவில்லை. "அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம், அவ தனியா இருக்கா, தாங்க மாட்டா" என்றார்கள். நான்தான் செய்தேன் என்று எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். தன் மேலேயே போட்டு எழுதினார்கள்.

அப்புறம் ஜூனில் உங்கள் கடிதம் வந்தது. அதையும் நான்தான் பிரித்தேன். நீங்கள் சொன்னபடி சாப்பாடு முடிந்ததும் உரக்கப் படித்தேன். அத்தை யாருடைய கண்ணாடியையோ துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழமொழி வந்ததும் நிறுத்திவிட்டேன். "நிறுத்தாத, படி" என்றார்கள். படித்தேன். தம்பி, மலடி என்றால் என்ன என்று கேட்டான். அத்தை அவனுக்கு அர்த்தம் சொன்னார்கள். பிறகு அந்தக் கண்ணாடியை மறுபடி முதலிலிருந்து துடைத்தார்கள்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். சத்தியத்துக்காக இல்லை. பயமாக இருந்தது.

மிஞ்சின ஒரு புழுவை அத்தை நாற்பது அறைப் பெட்டியில் ஓர் அறையில் வைத்து வளர்த்தார்கள். நீங்கள் எழுதியது போலவே புள்ளி இல்லாமல் மஞ்சளாக வந்தது. மாலைக்குள் ஏழும் வந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. அத்தை சொன்னார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அத்தை இங்கே வந்தார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீலக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார்கள், தம்பி அதை விட்டுவிட்டு வந்திருந்தான். காவலாளி கோட்டை வாங்கிக்கொண்டார். அத்தை கொஞ்ச நேரம் நின்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம், சின்னப் பையன்களுக்கு வேறு கட்டடம். தனித்தனியாக வைத்தால்தான் அழுகை நிற்கும் என்று காப்பாளர் சொன்னார். தம்பியைச் சாப்பாட்டுக் கூடத்தில் தூரத்தில் பார்க்கிறேன். இப்போது அவன் காலரைக் கடிப்பதில்லை.

டிசம்பரில் வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். காலையிலேயே வந்து வாசலில் சீட்டு வாங்க வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் தம்பிக்கு மட்டும் வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்